சின்னத் தாத்தா சொன்னத யாரும் எழுதி வைக்கல

எங்க அப்பா வழி ஊரு ஆலங்குளத்துக்குப் பக்கம். இப்போ தென்காசி மாவட்டமா ஆயிட்டு, ஆனா எங்க வீட்டுல யார்ட்ட கேட்டாலும் இன்னும் திருநெல்வேலின்னுதான் சொல்லுவாவ. அங்கன எங்களுக்கு ஒரு பங்குக் கிணறு உண்டு. பூட்டன் 1954ல நாலு மகன்மாருக்கும் பாகம் பிரிச்சு எழுதின பத்திரத்துல அந்தக் கிணத்தப் பத்தி ஒரே ஒரு வரிதான் இருக்கு. "மேற்படி கிணற்றில் நால்வரும் நாள் முறை வைத்து இறைத்துப் பாய்ச்சிக்கொள்ள வேண்டியது." அப்போ எல்லாருக்கும் கமலைதான், ஒரு சோடி மாடு விடிஞ்சதுல இருந்து பொழுது சாயுற வரைக்கும் எவ்வளவு இறைக்கும்னு ஊருக்கே தெரியும், யாரு இறைச்சாலும் கிட்டத்தட்ட அதே தண்ணிதான், அதனால ஆளுக்கு ஒரு நாள்னு சொன்னா அதுவே சம பங்குன்னு ஆயிப்போச்சு, சண்டைக்கு இடமே இல்ல.

எழுபதுகள்ல பெரிய தாத்தா அவிய முறைக்கு அஞ்சு எச்.பி. மோட்டார் வச்சாவ. ஒரே நாள்ல கிணத்துல தரை தெரிஞ்சிட்டு. மறுநாள் முறைக்காரர் மாட்டப் பூட்டிக்கிட்டு ஊத்து ஊறுற வரைக்கும் வரப்புல உக்காந்திருக்கணும். நாலு பேரும் வேப்பமரத்தடியில பத்திரத்த விரிச்சு வச்சுக்கிட்டு பேசியிருக்காவ. மூணு பேரு சொன்னது, "நாள் முறைன்னுதான எழுதியிருக்கு, கமலைன்னு எழுதலியே, எதால இறைச்சா என்ன". எங்க சொந்தத் தாத்தாவும் அந்த மூணு பேர்ல ஒருத்தர், அவியளுக்கும் மோட்டார் வாங்குற யோசனை இருந்தது. சின்னத் தாத்தா மட்டும், "ஐயா நாள எண்ணச் சொல்லல, தண்ணியப் பங்கு வைக்கச் சொன்னாவ. அன்னைக்கு நாளுதான் அளவு, அதான் நாளுன்னு எழுதினாவ"ன்னு சொல்லியிருக்காவ. மூணுக்கு ஒண்ணு. மூணு பேரு சொன்னது நின்னுட்டு, சின்னத் தாத்தா சொன்னது அந்த மரத்தடியோட போயிட்டு. எங்க அப்பா அன்னைக்குப் பக்கத்துல நின்ன சின்னப் பையன், அவிய சொல்லித்தான் எனக்கே தெரியும்.

இத ஏன் சொல்லுதேன்னா, நான் 2001ல இருந்து பாளையங்கோட்டையில ஒரு வக்கீல் ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டா இருக்கேன், இத்தனை வருஷத்துல எத்தனையோ தீர்ப்ப டைப் அடிச்சிருக்கேன், அதுல என் மனசுல நின்னது எல்லாமே பெரும்பாலும் தோத்துப்போன நீதிபதிங்க எழுதினதுதான். எங்க சார் குண்டர் சட்டத்துல உள்ள போனவங்களுக்கு ஆட்கொணர்வு மனு போடுவாவ, ஆள அடைச்சு வச்சது சட்டப்படி சரியான்னு கோர்ட்டப் பார்க்கச் சொல்ற மனு அது. 1982ல வந்த சட்டம், கேஸ் விசாரணையே நடக்காம ஒரு ஆள ஒரு வருஷம் வரைக்கும் உள்ள வச்சிருக்கலாம். 2004 ஜூலை 24ல ஐகோர்ட்டோட மதுரை கிளை திறக்குற வரைக்கும் கேஸ் கட்டத் தூக்கிட்டு நெல்லை எக்ஸ்பிரஸ்ல மெட்ராஸ் போகணும், இப்போ வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டுல ஏறினா மாட்டுத்தாவணியில இறங்கி போயிடலாம். ஆபீசுக்கு வர்ற அம்மாமாரு எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான், "தீர்ப்பே இல்லாம எப்படிம்மா ஒரு வருஷம் வைப்பாவ?" அந்தக் கேள்விதான் நம்ம சுப்ரீம் கோர்ட்டு முதல் முதலா அரசியல் சாசனத்த விரிச்சு வச்சு பேசின பெரிய கேள்வியும்.

1950, சாசனம் அமலுக்கு வந்து நாலு மாசம்கூட ஆகல. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் மெட்ராஸ் மாகாணத்துல தடுப்புக் காவல்ல இருந்தார், நேரா சுப்ரீம் கோர்ட்டுக்கே மனு போட்டார். ஆறு நீதிபதிங்க. சண்டை முழுக்க 21ம் பிரிவுல உள்ள ஒரு சின்ன வார்த்தைக் கூட்டத்துல. சட்டம் வகுத்த நடைமுறைப்படி இல்லாம யாரோட உயிரையும் உடல் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாதுன்னு அதுல இருக்கு. பெரும்பான்மை நீதிபதிங்க படிச்சது, சட்டம்னா சட்டசபையோ பார்லிமென்டோ போட்டது, நடைமுறைன்னா அதுல எழுதியிருக்குற நடைமுறை, அது நல்ல நடைமுறையா கெட்ட நடைமுறையான்னு பார்க்குறது எங்க வேலை இல்லன்னு. இன்னொண்ணும் சொன்னாங்க, பேச, நடமாட சுதந்திரம் சொல்ற 19ம் பிரிவு வேற, 21 வேற, கைதும் தடுப்புக் காவலும் பத்தின 22 வேற, ஒண்ணோட ஒண்ணப் போட்டுக் குழப்பாதீங்கன்னு.

அந்த ஆறு பேர்ல ஃபசல் அலி மட்டும் வேற மாதிரி படிச்சார். இந்தப் பிரிவுகள் எல்லாம் தனித்தனி அறை இல்ல, ஒண்ணு மேல ஒண்ணு படியுது. நடைமுறைன்னு சொன்னாலே அதுக்குள்ள சில விஷயம் தானா வந்துரும், என்ன குத்தம்னு சொல்லணும், அவன் சொல்றதக் கேக்கணும், ஒரு பக்கம் சாயாத ஆளு விசாரிக்கணும், ஒரு ஒழுங்கு முறையா நடக்கணும்னு எழுதினார். முதல் தடவ ஏ.ஐ.ஆர்.னு தீர்ப்புகள அச்சடிச்சு வர்ற தொகுப்போட 1950 வால்யூம்ல இருந்து இதப் பார்த்து டைப் அடிச்சப்போ, எங்க சின்னத் தாத்தா சொன்னதும் இதுதானன்னு தோணி கையி அப்படியே நின்னுட்டு.

ஆனா நியாயமா ஒண்ணு சொல்லணும், ஏன்னா பெரும்பான்மை பக்கம் ஒண்ணும் இல்லாம பேசல. அரசியல் நிர்ணய சபையில இந்த வார்த்தைகள வேணும்னேதான் போட்டாங்க. அமெரிக்காவுல இருக்குற மாதிரி 'டியூ ப்ராசஸ்', அதாவது முறையான நியாயமான நடைமுறைன்னு ஒரு வாசகம் முதல்ல பேச்சுல இருந்துச்சு, அத வச்சு அங்க கோர்ட்டு தொழிலாளர் சட்டத்தையெல்லாம் அடிச்சதப் பார்த்து, ஆலோசகர் பி.என். ராவ் அங்க போய் நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டரப் பார்த்துட்டு வந்து, அந்த வாசகம் வேண்டாம்னு ஆச்சு, நம்ம அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் அந்தப் பக்கம்தான் பேசினார். அது சரியில்லன்னு சபையில பலருக்கு மனக்குறை, அதச் சரிக்கட்டத்தான் அம்பேத்கர் பின்னாடி இன்னொரு பிரிவு கொண்டுவந்தார், கைது பண்ணினா காரணம் சொல்லணும், வக்கீல் வச்சுக்கலாம், 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட்டுகிட்ட கொண்டுபோகணும்னு சொல்ற இப்போதைய 22ம் பிரிவு. அதே பிரிவுலதான் தடுப்புக் காவலுக்கு விலக்கும் இருக்கு. அப்போ எழுதினவங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு மட்டும் பார்த்தா, பெரும்பான்மை படிச்சது அவ்வளவு தப்புன்னு சொல்லிட முடியாது.

இங்கதான் நான் பல நாள் யோசிச்சிருக்கேன். எழுதினவர் மனசுல கமலைதான் இருந்துச்சு, அது உண்மை. ஆனா எழுதினவர் எதுக்காக எழுதினாரோ அதுவும் அவர் மனசுல இருந்ததுதான. வார்த்தைய மட்டும் புடிச்சா காரியம் போயிருது, காரியத்த மட்டும் புடிச்சா படிக்குறவன் அவன் நினைக்குறதையெல்லாம் பூட்டன் வாயில போட்டு பேசிருவான். ரெண்டாவது பயமும் நிஜமான பயம்தான், அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா ஓட்டுப் போட்டு மாத்த முடியாத ஆளுங்க நீதிபதிங்க. அதனால எனக்கு, எந்தப் பக்கம் ஜெயிச்சாலும், ரெண்டு பக்கமும் காரணத்த எழுதிக் கையெழுத்துப் போட்டு வச்சிருக்கணும்ங்கறதுதான் பெருசாத் தெரியுது.

கோபாலன் மனு தள்ளுபடி ஆச்சு. ஃபசல் அலி எழுதினது சட்டம் ஆகல, ஆனா அதே வால்யூம்ல, அதே மாதிரி எழுத்துல அச்சாகிக் கிடந்தது. 1970ல பேங்க் தேசியமயமாக்கின கேஸ்ல தனித்தனி அறைங்கற வாதம் விழுந்துச்சு. 1978 ஜனவரி 25ல, பாஸ்போர்ட்ட பறிச்ச மேனகா காந்தி கேஸ்ல ஏழு நீதிபதி பெஞ்ச், நடைமுறைன்னா நியாயமா இருக்கணும், மனம் போன போக்குல இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு. 28 வருஷம். அங்கயும் ஒருத்தர் மாறுபட்டு எழுதினார், நம்ம தமிழ்நாட்டுக்காரர் பி.எஸ். கைலாசம். நான் அவர் பக்கம் இல்ல, ஆனா அவர் எழுதினதும் இருக்கணும்.

சாசனத்துலயே இதுக்கு இடம் வச்சிருக்காங்கன்னு ரொம்ப பேருக்குத் தெரியாது. 145ம் பிரிவு. சாசனத்துக்குப் பொருள் சொல்ற கனமான கேள்வின்னா குறைஞ்சது அஞ்சு நீதிபதி உக்காரணும். பெரும்பான்மை ஒத்துக்கிட்டாத்தான் தீர்ப்பு, ஆனா ஒத்துக்காத நீதிபதி தன்னோட மாறுபட்ட தீர்ப்பக் கொடுக்குறத எதுவும் தடுக்காதுன்னு அதுலயே எழுதியிருக்கு. வாதம் முடிஞ்சதும் நீதிபதிங்க தங்களுக்குள்ள பேசுவாங்க, ஒருத்தர் வரைவு எழுதி மத்தவங்களுக்கு அனுப்புவார், அதப் படிச்சுட்டு ஒருத்தர் அப்படியே கையெழுத்துப் போடலாம், ஒருத்தர் முடிவு சரி காரணம் வேறன்னு தனியா எழுதலாம், ஒருத்தர் முடிவே தப்புன்னு எழுதலாம். அப்புறம் எண்ணிக்கை.

அந்த எண்ணிக்கையும் லேசுப்பட்டது இல்ல. 1973 கேசவானந்த பாரதி கேஸ்ல, காசர்கோடு பக்கம் எடநீர் மடத்தலைவர் போட்ட கேஸ் அது, 13 நீதிபதி, 68 நாள் வாதம், 11 தனித்தனி தீர்ப்பு. பார்லிமென்ட் சாசனத்தத் திருத்தலாம், ஆனா அதோட அடிப்படைக் கட்டமைப்ப மாத்த முடியாதுன்னு ஏழு பேரு, அப்படி ஒரு வரம்பு இல்லன்னு ஆறு பேரு. கடைசியில பெரும்பான்மையோட கருத்து இதுதான்னு ஒரு தாள்ல சுருக்கி எழுதினப்போ 13 பேர்ல ஒன்பது பேருதான் கையெழுத்துப் போட்டாங்க, நாலு பேரு போடல. இதுக்கு விதை எங்க கிடந்துச்சுன்னா 1965ல சஜ்ஜன் சிங் கேஸ்ல, முதோல்கர்னு ஒரு நீதிபதி, தீர்ப்போட முடிவுக்கு ஒத்துக்கிட்டே, சாசனத்தோட அடிப்படை அம்சத்த மாத்துனா அது திருத்தமா, இல்ல சாசனத்தையே திருப்பி எழுதுறதான்னு ஒரு சந்தேகத்த மட்டும் எழுதி வச்சார். எட்டு வருஷம் கழிச்சு அந்தச் சந்தேகம் சட்டம் ஆச்சு.

ரெட்டப்படையில உக்காந்தா என்ன ஆகும்னு எங்க அத்தைக்கு நல்லாத் தெரியும், அவிய வீடு ஒட்டப்பிடாரம். 2017 செப்டம்பர்ல 18 எம்.எல்.ஏ.வ சபாநாயகர் தகுதி நீக்கம் பண்ணினாரே, அதுல ஒட்டப்பிடாரமும் விளாத்திகுளமும் உண்டு. கட்சித் தாவல் சட்டத்துல "தானா முன்வந்து உறுப்பினர் பதவிய விட்டுட்டா"ன்னு ஒரு வாசகம், முதலமைச்சருக்கு ஆதரவு இல்லன்னு கவர்னருக்கு லெட்டர் குடுத்தா அது கட்சிய விட்டதா ஆகுமா ஆகாதாங்கறதுதான் கேள்வி. 2018 ஜூன் 14ல ஐகோர்ட்ல தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி சபாநாயகர் முடிவுல தலையிட முடியாதுன்னு எழுதினார், கூட இருந்த நீதிபதி எம். சுந்தர் அந்த முடிவு செல்லாதுன்னு எழுதினார். மூணாவது நீதிபதிட்ட போச்சு. அத்தை போன்ல, "ஏட்டி, ரெண்டு பேரும் படிச்சவிய, ஒரே பொஸ்தகத்தத்தான படிச்சாவ, மூணாவது ஆளு வந்து அதே பொஸ்தகத்தத்தான படிக்கப் போறாவ?"ன்னு கேட்டாவ. ஆமா அத்தை, அதேதான். அக்டோபர் 25ல நீதிபதி சத்தியநாராயணன் தகுதி நீக்கம் செல்லும்னு சொன்னார், 2019ல இடைத்தேர்தல் வந்துச்சு, அது வரைக்கும் அந்த ஊர்க்காரங்களுக்கு எம்.எல்.ஏ. இல்ல. அந்த நாள் எல்லாம் ஜனங்க தலையிலதான் விழுது, அது எனக்கு வருத்தம்தான், ஆனாலும் ரெண்டு நீதிபதி மூடின கதவுக்குள்ள சமரசம் பேசி ஒரே தீர்ப்பா எழுதிக் குடுக்குறத விட இதுதான் நேர்மை.

இனி கன்னா. எச்.ஆர். கன்னா பேரச் சொல்லும்போது எனக்கு இன்னும் தொண்டை அடைக்கும். எமர்ஜென்சி. மிசாங்கற தடுப்புக் காவல் சட்டத்துல உள்ள போட்டவங்க பல ஐகோர்ட்ல ஆட்கொணர்வு மனு போட்டு, கோர்ட்டுங்க விசாரிப்போம்னு சொல்ல, அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. ஜபல்பூர் கேஸ். அஞ்சு நீதிபதி. ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையில ஒருத்தனக் கொன்னாலும் கேக்க வழி இல்லையான்னு கன்னா பெஞ்ச்ல இருந்து கேட்டார், எமர்ஜென்சி இருக்குற வரைக்கும் இல்லன்னுதான் அட்டர்னி ஜெனரல் நிரேன் டே பதில் சொன்னார். 1976 ஏப்ரல் 28, நாலு பேரு அரசு பக்கம். கன்னா ஒருத்தர் மட்டும், 21ம் பிரிவு மட்டுமா உயிருக்குக் காவல், அது எழுதுறதுக்கு முன்னாடியே சட்டப்படி இல்லாம ஒருத்தன் உயிரத் தொடக் கூடாதுங்கறது இருக்கே, அதுதான சட்டத்தோட ஆட்சின்னு எழுதினார். மாறுபட்ட தீர்ப்புங்கறது சட்டத்தோட ஆன்மாகிட்ட, வரப்போற ஒரு நாளோட அறிவுகிட்ட பண்ணுற முறையீடுன்னு ஒரு பழைய அமெரிக்க நீதிபதி சொன்னத அதுல சேர்த்திருக்கார். தலைமை நீதிபதி பதவி போயிரும்னு தெரிஞ்சேதான் எழுதினார், அப்படியே 1977 ஜனவரியில அவருக்கு இளையவரான பெக்குக்கு அந்தப் பதவி போச்சு, கன்னா ராஜினாமா பண்ணிட்டார்.

அந்த நாலு பேர்ல ஒருத்தர் ஒய்.வி. சந்திரசூட். 2017 ஆகஸ்ட் 24ல புட்டசாமி கேஸ், அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு ஒன்பது பேரும் ஒரே முடிவா சொன்ன கேஸ், அதுல ஜபல்பூர் தீர்ப்பு தப்பு, கன்னா சொன்னதுதான் சரின்னு எழுதினவர் டி.ஒய். சந்திரசூட், அவரோட மகன். அந்தப் பக்கத்த எங்க சார் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லி, கண்ணாடியத் துடைச்சுத் துடைச்சு படிச்சாவ. 41 வருஷம். கன்னா 2008லயே காலமாயிட்டார்.

நம்ம மண்ணுல இருந்து போனவரப் பத்தியும் சொல்லணும், தாமிரபரணிக் கரையில திருப்புடைமருதூர்ல பொறந்த எஸ். ரத்தினவேல் பாண்டியன். 1992 மண்டல் தீர்ப்பு பெஞ்ச்ல இருந்த ஒன்பது பேர்ல அவர் ஒருத்தர். 27 சதவீத இடஒதுக்கீடு செல்லும்னு சொன்ன ஆறு பேர்லயும் உண்டு, ஆனா பிற்பட்டவங்கள்ல வசதியானவங்கள வெளிய எடுக்கணும்னு மத்த எட்டு பேரும் சொன்னப்போ அவர் மட்டும் ஒத்துக்கல. எங்க சாருக்கு அதுல ரொம்பப் பெருமை, எனக்கும்தான். ஆனா 1994ல பயங்கரவாதத் தடுப்புக்குன்னு போட்ட தடா சட்டம் செல்லும்னு சொன்ன கர்த்தார் சிங் கேஸ்ல, போலீஸ் அதிகாரிட்ட குடுத்த வாக்குமூலம் சாட்சியா செல்லும்னு மூணு பேரு சொன்னாங்க, அதுல பெரிய தீர்ப்பு எழுதினது அவர்தான், கே. ராமசாமியும் ஆர்.எம். சகாயும் அந்தப் பிரிவு செல்லாதுன்னு எழுதினாங்க. ஸ்டேஷன்ல வாக்குமூலம் எப்படி வாங்குவாங்கன்னு எங்க ஆபீஸ் பெஞ்சுல உக்காந்து அழுத தாய்மார்ட்ட கேட்டவ நான், அதனால அதுல நான் அந்த ரெண்டு பேரு பக்கம். நம்ம ஊர்க்காரர்ங்கறதுக்காக இத மாத்திச் சொல்ல எனக்கு மனசு வரல.

போன தை மாசம் ஊருக்குப் போயிருந்தேன். கிணத்துல இப்போ தண்ணி பாதிதான், சுத்தி எல்லாரும் போர் போட்டாச்சு, இருக்குற தண்ணியவாவது நாள் கணக்க விட்டுட்டு மணிக் கணக்குல பிரிப்போம்னு நாலு வீட்டுக்காரங்களும் பேசி, ஒப்பந்தம் எழுத என்னையக் கூப்பிட்டிருந்தாவ. நாள விட்டுட்டு தண்ணிய அளக்கப் போறாவ, சின்னத் தாத்தா சொன்னதுக்குப் பக்கத்துல வந்தாச்சு, ஆனா அதச் சொல்ல அவிய இல்ல. மூணு வீடு மணிக் கணக்குக்குச் சம்மதம். பெரிய தாத்தா வீட்டுப் பெரியம்மா, பெரியப்பா போனப்பொறவு தனியா நின்னு மிளகாயும் வெண்டையும் போட்டு பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கு அனுப்புறாவ, அவிய மட்டும் ஒத்துக்கல. "மணிக் கணக்கு சரி, மும்முனைக் கரண்டு எந்நேரம் வருது? ராத்திரி ரெண்டு மணிக்கு என் முறை வந்தா ஒத்தப் பொம்பள நான் போயி மோட்டார் போடணுமாக்கும்? பகல் கரண்ட நாலு பங்கு வைங்க, ராக் கரண்ட நாலு பங்கு வைங்க."

எனக்கு அவிய சொன்னதுதான் சரின்னு பட்டுச்சு, ஆனா எழுத வந்தவ நான், பங்குக்காரி இல்ல. பேசிப் பேசிப் பாத்தாவ, மூணுக்கு ஒண்ணுதான். நான் லேப்டாப்ல அடிச்சு முடிச்சு, கடைசியில பெரியம்மா சொன்னத அவிய சொன்ன மாதிரியே, காரணத்தோட, தனிப் பாராவா அடிச்சேன். பக்கத்து ஊர்ல பிரிண்ட் எடுத்துட்டு வந்து குடுத்தா, ஒரு அண்ணன் உடனே, "எடுபடாத பேச்ச எதுக்குளா பத்திரத்துல ஏத்துத?"ன்னு கேட்டான். நான் வாயத் திறக்கல. சின்னத் தாத்தாவோட மகன், எனக்குச் சித்தப்பா, தாள வாங்கி ஒருக்கா முழுசா சத்தமா வாசிச்சுட்டு, "கிடக்கட்டும்ல. எங்க ஐயா சொன்னதத்தான் எவனும் எழுதல"ன்னு சொல்லி முதல் கையெழுத்த அவியளே போட்டாவ.

பெரியம்மா கடைசியா வாங்கிப் பாத்தாவ. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாவ, ரொம்ப நேரம் ஆச்சு.

"ஏட்டி, மத்ததுக்கெல்லாம் ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டிருக்க, எனக்கு மட்டும் போடல?"

பேனாவ எடுத்து, அந்தப் பாராவுக்கு முன்னாடி 7ன்னு போட்டு, பக்கத்துல சின்னதா நாலு வீட்டுக் கையெழுத்தும் வாங்கினேன்.